குறைமாதக் குழந்தை வீடு வந்தபின்

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் கவலை தீர்ந்தது என்றே யாவரும் எண்ணுகிறோம். நாங்களும் அவ்வாறுதான் எண்ணினோம். 34 நாட்கள் ஆஸ்பத்திரியிலே இருந்த எங்கள் இளைய மகளை, நாகபுரியின் மார்கழிக் குளிரில், ரெயில்வே குடியிருப்பிலுள்ள இரண்டு அறை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசலில் ஆரத்தி எடுத்தோம். அண்டை வீடுகளுக்கு இனிப்பு வழங்கினோம். பதினேழாம் நாள் அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இடையில் நேர்ந்த பிழை எங்களுடையது. ஊரையும் உறவையும் விட்டு வெகுதூரத்தில் குடும்பம் நடத்தும் நம் சங்க அன்பர்களுள் யாருக்கேனும் உதவக்கூடும் என்று கருதி அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

வளைகாப்பு ஏழாம் மாதத்தில் இனிது நடந்தேறியது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்காகச் செல்ல, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்து, பெட்டியும் கட்டியாயிற்று. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பாக வலி கண்டுவிட்டது. 31 வாரங்களில், 1,380 கிராம் எடையுடன் குழந்தை பிறந்தது. டெலிபோனில் ஊருக்குச் செய்தி சொன்னபோது, மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எட்டாம் மாதமா?" என்று ஒரு குரல் கேட்டது. ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்று நம் பக்கத்தில் வழிவழியாக ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் வலுவே சேர்க்கிறது; ஆகவே எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிட நன்றாகவே தேறும். இந்த ஒன்றை முன்னரே அறிந்திருந்தால், முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் சிந்திய கண்ணீரில் பாதி மிஞ்சியிருக்கும்.

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். இது எங்கோ ஒரு வீட்டில் நேரும் அபூர்வமும் அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் இவ்வாறு பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் என்றும், அவற்றுள் சுமார் 30 லட்சம் நம் இந்தியாவில் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் குடியிருப்பிலேயே விசாரித்தால் வீதிக்கு ஒரு வீடாவது அகப்படும். ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை.

வீடு வந்த முதல் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். மூச்சோ நாடியோ சிறிது தவறினாலும் இயந்திரம் மணியடிக்கும். 34 நாட்கள் அந்த ஓசையை வெறுத்தோம். வீட்டில் அது இல்லாதபோதுதான் அதன் அருமை தெரிந்தது. விளக்கை அணைக்க மனம் வரவில்லை. குழந்தை ஐந்தாறு விநாடி மூச்சு விடாமல் இருக்கும், பின்பு விரைவாக நாலைந்து மூச்சு வாங்கும், மறுபடி நிற்கும். எங்களுள் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க, மற்றவர் குழந்தையின் வயிற்றைப் பார்க்க, விடியும்வரை இருந்தோம். மறுநாள் டாக்டரிடம் கேட்டதற்கு, குறைமாதக் குழந்தைகள் இப்படி விட்டுவிட்டு மூச்சு விடுவது இயல்பே என்றார். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலும், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலும், மார்புக்கூடு உள்ளிழுத்தாலும், நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும், பால் குடிக்க மறுத்துத் துவண்டாலும் ஒரு கணமும் தாமதியாமல் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். அன்று முதல் ஒருவராவது தூங்க முடிந்தது.

வீட்டில் தராசு ஒன்றும் வாங்கி வைத்திருந்தோம். அது வேண்டாத செலவு. காலையில் பத்து கிராம் கூடினால் சிரிப்பும், மாலையில் ஐந்து கிராம் குறைந்தால் அழுகையுமாக நாலு நாள் கழிந்தன. வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரித் தராசில் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னபின் அதைப் பரண்மேல் ஏற்றினோம். தெர்மாமீட்டர் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு: வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தைக்குக் குளிரத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நாகபுரியில் மார்கழி, தை மாதத்து இரவுகள் சில 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். தஞ்சைச் சீமையில் வளர்ந்த நமக்கு அந்தக் குளிர் பழகுவதற்குள் உத்தியோகக் காலமே முடிந்துவிடும். இரண்டு கிலோகூட இல்லாத சிசுவைப் பற்றிக் கேட்க வேண்டுமா? அதன் உடலில் கொழுப்பில்லை. குளிரைத் தாங்கச் செலவிடும் சக்தியெல்லாம் வளர்ச்சியிலிருந்து கழிந்துபோகிறது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த அறைக்குள் கரியடுப்பு வைக்கும் வழக்கம் இங்குச் சில வீடுகளில் உண்டு. அதன் புகை பெரியவர்களையே கொன்றுவிடும். குழந்தை இருக்கும் அறையில் அதை நினைக்கவும் கூடாது.

இதற்குச் சிறந்த மருந்து மனிதர் மார்பேயாம். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், 1978-ஆம் ஆண்டில், குழந்தைகளுக்குப் போதிய கண்ணாடிப் பெட்டிகள் இல்லாத ஆஸ்பத்திரி ஒன்றில் எட்கர் ரே என்ற டாக்டர் ஒரு முறையைத் தொடங்கினார். குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் அரைத்துணியும் மட்டும் அணிவித்து, தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, தலையை ஒருபுறம் திருப்பி, மேலே துணியால் கட்டிவிடுவது. கங்காரு முறை என்று இதற்குப் பெயர். ஏழைகளின் ஏற்பாடாகத் தொடங்கிய இதையே இன்று உலகம் முழுவதும் கொண்டாடுகிறது. தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கிய சிறு குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் இறந்தவை 100-க்கு 12. வழக்கப்படி பிற்பாடு தொடங்கியவற்றுள் 100-க்கு ஏறக்குறைய 16. நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு வைத்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியிருக்கிறது. தாய்தான் வேண்டும் என்பதில்லை. தந்தையும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

பாட்டி என்றதும் எங்கள் தாயார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மனைவியின் அன்னையாருக்கு முழங்கால் வலி. ஆகவே எங்கள் தாயார்தான் இரண்டு ரெயில் மாறி வந்து சேர்ந்தார். எழுபது வயதில், ஆறு பெற்று நால்வரை வளர்த்தவர். அவருடைய மூட்டையில் விளக்கெண்ணெய், சாம்பிராணி, வசம்பு, உரைமருந்து எல்லாம் இருந்தன. பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, மூக்கில் ஊதி, சாம்பிராணிப் புகை காட்டினால்தான் குழந்தை தேறும் என்பது அவருடைய உறுதி. இரண்டரைக் கிலோ வரும்வரை குளிப்பாட்டல் இல்லை, வெந்நீரில் நனைத்த துணியால் துடைப்பதே போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புகை அறவே ஆகாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் கூடாது. தாய்ப்பாலைத் தவிரச் சர்க்கரைத் தண்ணீரோ வசம்போ நாவில் படக்கூடாது. இவற்றைத் தாயாரிடம் சொல்வது எப்படி? அதிகாரியிடம் விளக்கக் கடிதம் கொடுப்பதைக் காட்டிலும் அது கடினமான காரியமாக இருந்தது. இரண்டு நாள் அவர் எங்களுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் மருமகளே வழி கண்டாள். "அத்தை, எனக்கு முதுகு ஒடிகிறது, நீங்கள் கொஞ்ச நேரம் மார்பில் வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டாள். தாயார் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவி, குழந்தையை வாங்கி, தம் பழஞ்சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் என்று தொடங்கியது, மாலை விளக்கு வைக்கும்வரை நீண்டது. "தம்பி, உன் சின்ன அத்தையை எங்கள் மாமியார் இப்படித்தான் மடியிலேயே வைத்துப் பிழைக்க வைத்தார், இதற்குப் போய் வெளிநாட்டுக்காரன் பெயர் எதற்கு?" என்றார். அதற்கு மேல் எண்ணெய்ப் பேச்சு எழவில்லை. மூட்டையிலிருந்த சாம்பிராணி சுவாமி படத்தோடு நின்றது. அதுவும் குழந்தை இல்லாத அறையில்.

அதே மூட்டையின் அடியில் ஒரு வெள்ளிப் பாலாடையும் இருந்தது. சங்கு என்று சில ஊர்களில் சொல்வர். ஆஸ்பத்திரியில் மராத்திய நர்ஸ் எங்களுக்குக் காட்டிக் கொடுத்த பாத்திரமும் இதுவே. அவரும் 'பாலாடை' என்றே சொன்னார். நம் அடுக்களைச் சொல் மருத்துவ நூல்களிலும் ஏறியிருப்பது அறிந்து, உள்ளூரச் சிறிது பெருமை கொண்டோம். 1999-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் கிண்ணம், புட்டி, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டு, பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் அருந்தின என்று கண்டார்கள். முலையைச் சப்பி விழுங்கி மூச்சும் விடும் திறம் குறைமாதக் குழந்தைக்கு மெல்லத்தான் கைகூடும். அதுவரை தாய் கையால் பீய்ச்சி எடுத்த பாலை இதில் புகட்டலாம். தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் சாய்த்து, குழந்தை விழுங்கியபின் அடுத்த சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும். புட்டியை நாங்கள் வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

பால் போதவில்லை என்று பவுடர் டப்பாவை நாடுவோருக்கு ஒரு வார்த்தை. இரவு உட்பட இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பீய்ச்சினால்தான் பால் ஊறும். தாய்க்கு வயிறார உணவும் வேண்டும். பத்தியம் என்று காய்கறியையும் பருப்பையும் நிறுத்துவது எந்த வைத்தியமோ, எங்களுக்கு விளங்கவில்லை. எதிர் வீட்டு மராத்தி அம்மாள் கோந்தும் கொப்பரையும் சேர்த்த 'டிங்க்' லட்டு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். எங்கள் தாயார் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பால் சுரக்காத தாய்மார்களின் குழந்தைகளுக்கு, பிற தாய்மார் கொடுத்த பாலைச் சேமித்து வழங்கும் தாய்ப்பால் வங்கிகளும் உள்ளன. ஆசியாவிலேயே முதலாவது 1989-ல் பம்பாயில், சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. தங்கள் ஊரில் உண்டா என்று டாக்டரிடம் விசாரித்துக் கொள்வது நலம்.

இனி எங்கள் பிழையைச் சொல்கிறோம். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டது. குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லையே என்று ஊரிலிருந்து தினமும் டெலிபோன். ஆபீஸில் கூட வேலை செய்பவர்கள், குழந்தையைக் காட்டவில்லையே என்று கேட்டவண்ணம் இருந்தார்கள். இவர்களுள் பலர் இரத்தம் கொடுத்தவர்கள், இரவு காவல் இருந்தவர்கள். மறுப்பது நன்றி கொன்றதாகும் என்று தோன்றியது. வீடு வந்த பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சிறிதாகச் செய்வோம் என்று தொடங்கி, நாற்பது பேருக்குச் சமையல் ஆயிற்று. இரண்டு அறைக்குள் நாற்பது பேர். குளிருக்காக ஜன்னல்கள் அடைத்திருந்தன. குழந்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சென்றது. கன்னத்தில் முத்தமிட்டவர்களும் உண்டு. குழந்தையின் தாய் மட்டும் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை என்பதே உண்மை.

பதினாறாம் நாள் மூக்கடைப்பு. பதினேழாம் நாள் காலையில் பாலாடையில் பாதி பால் மிஞ்சியது. மாலையில் மூச்சை எண்ணினோம், எழுபது. விலாவெலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தது. பாதம் குளிர்ந்திருந்தது. சுவரில் ஒட்டிய காகிதத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகக் கழிந்துபோகும் கிருமியே இவ்வளவு சிறிய மூச்சுக்குழலை அடைத்துவிடுகிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசம். அவற்றுள் நான்கு நாள் ஆக்ஸிஜன். யார் கொண்டுவந்த ஜலதோஷம் என்று ஆராய்ந்து பயனில்லை, அழைத்தவர்கள் நாங்கள்.

போகியன்று வீடு திரும்பினோம். இம்முறை ஆரத்தி இல்லை. வாசற்படியில் ஒரு முக்காலியும், அதன்மேல் சோப்பும் தண்ணீரும் வைத்தோம். எங்கள் மூத்த மகளுக்கு ஆறு வயது. பள்ளியிலிருந்து ஜலதோஷம் கொண்டுவரக்கூடியவள் அவளேயானபடியால், அவளையே காவலுக்கு வைத்தோம். பள்ளி உடையை மாற்றி, கை கழுவிய பின்னரே அவள் தங்கையிடம் போவாள்; பிறரையும் விடமாட்டாள். எங்களுடைய மேலதிகாரி ஒருவரையே, "மாமா, நகத்திடுக்கில் தேய்க்கவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி கழுவினார். குழந்தையைப் பார்க்க விரும்பிய மற்றவர்களுக்குக் கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டினோம். உதவ விரும்பியவர்களிடம், ஒரு வேளை குழம்போ, மருந்துக் கடைக்கு ஒரு நடையோ கேட்டு வாங்கினோம். அவ்வாறு கேட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

தாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிதான். குழந்தை தேறத் தொடங்கிய பிறகும் அவள் தேறவில்லை. 'நான் என்ன செய்தேனோ, மாதம் நிறையாமல் பெற்றேனே' என்று இரவில் தனியே அழுவாள். பார்க்க வரும் மாதரும், "பளு தூக்கினாயா? படியேறினாயா?" என்று கேட்டுப் புண்ணைக் கிளறினார்கள். பல பிரசவங்கள் முன்கூட்டி நேர்வதற்குக் காரணம் டாக்டர்களுக்கே புலப்படுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இவ்வருத்தம் நீடித்தால் அது உடல்நோயைப் போலவே வைத்தியம் செய்ய வேண்டிய ஒன்று என்று டாக்டர் சொன்னார், அவ்வாறே செய்தோம். அதைவிட, தினமும் தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் அவளுக்குக் கிடைக்கும்படி தாயாரும் நாங்களும் முறை வைத்துக்கொண்டது பெரிய மாற்றத்தைத் தந்தது.

இங்கே உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு குறிப்பு. நம்மைப் போன்ற மத்திய சர்க்கார் ஊழியருக்குத் தந்தையர் விடுப்பு 15 நாள் உண்டு. பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக் குமாஸ்தா அதை முழுவதும் குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே செலவழித்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உண்மையில் கை வேண்டியிருந்தது வீடு வந்தபின்புதான். ஆஸ்பத்திரியில் தாயோடு இருக்க வேறொருவர் இருப்பின், இவ்விடுப்பைச் சேமித்து வையுங்கள்.

ஊரிலிருந்து பொங்கலுக்குக் குழந்தையோடு வந்துவிடும்படி வற்புறுத்தினார்கள். சென்னைக்கே ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர். அதற்கப்பால் இன்னொரு இரவு. குளிரும் கூட்டமும் ஒருபுறமிருக்க, டாக்டர் தடுத்ததற்கு முக்கியமான காரணம் வேறு: கண். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முற்றும் வளர்ந்திரா. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பெயர்த்துவிடக் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும், குழந்தை விழிக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலும், 2,000 கிராமுக்குக் குறைந்திருந்தாலும், 30 நாட்களுக்குள் கண் டாக்டர் ஒருமுறை பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பாகவே. அவர் சொல்லும் தவணைகளில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். நோய் முற்றினால் லேசர் சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று நாள்தான். தவறினால் ஆயுள் முழுவதும் இருள். எங்கள் மகளுக்கு முதல் பரிசோதனை 28-ஆம் நாள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. இரண்டாவது, வீடு வந்த எட்டாம் நாள். மூன்றாவது அந்த ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வாசத்தில். சிகிச்சை தேவைப்படவில்லை. ஊருக்குப் போவோர் அடுத்த தவணையை அவ்விடத்திலே யார் பார்ப்பார் என்று உறுதி செய்துகொள்ளாமல் ரெயிலேறக் கூடாது. காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் இவ்வாறே, மறந்துவிடுவது எளிது.

தடுப்பூசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. குழந்தை சிறியது, பொறுத்துப் போடலாம் என்பர். 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளைப் பிறந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். வளர்ச்சியைக் கணிக்க மட்டும் வேறு கணக்கு: 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ அவ்வளவையும் வயதிலிருந்து கழித்துப் பார்ப்பது. இரண்டு வயதுவரை இப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம், இக்கணக்கில் ஏழு. அண்டை வீட்டில் அதே வாரம் பிறந்த பையன் தவழ்ந்து போய்ச் செருப்பைக் கடிக்கிறான். இவள் இப்போதுதான் கையூன்றி உட்காருகிறாள். முதலில் வேதனையாக இருந்தது. இரும்புச் சத்துச் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்து வருகிறோம்.

தாயார் சித்திரையில் ஊர் திரும்பினார். பாலாடையை இங்கேயே விட்டுச் சென்றிருக்கிறார். அதுவும், வாரம் ஒருமுறைகூட நாங்கள் தொடாத அந்தத் தராசும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பாலாடை வேண்டும் குடும்பத்தார் சங்கக் காரியாலயத்தில் சொல்லி அனுப்பினால் அன்றைக்கே கொடுத்தனுப்புகிறோம். தராசைக் கேட்க வேண்டாம்.